பழங்களுக்கு இங்கிலீஷ் பேர்: கடைப் பலகையில் எதை எழுதுவது?

மலையடிவாரக் கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகிற ரோட்டில், கல்லாறு பக்கம் பழக்கடை வைத்திருக்கிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்தவன். ஊட்டி போகிற வண்டிகள் நிற்கிற இடம் என்பதால் கேரளா, கர்நாடகா, வடநாடு, வெளிநாடு என்று எல்லா ஊர்க்காரர்களும் இறங்கிப் பழத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு இது என்ன என்று இங்கிலீஷில்தான் கேட்கிறார்கள். மாம்பழம், ஆப்பிள், வாழைப்பழம் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் என் கடைக்கு வருமானம் வர வேண்டியது வேறு பழங்களில். மங்குஸ்தான், ரம்புட்டான், முட்டைப்பழம், தாட்பூட், மரத்தக்காளி, பன்னீர் கொய்யா, நாவல், சீத்தா, பம்பளிமாஸ், அப்புறம் மலையிலிருந்து ஒரு அம்மா எப்போதாவது கூடையில் கொண்டு வருகிற தவிட்டுப்பழம். இதில் பாதிக்கு எனக்கு இங்கிலீஷ் பேர் தெரியாது. போனில் தேடினால் ஒரே பழத்துக்கு மூன்று பேர் வருகிறது. சீத்தாவுக்கு ஓரிடத்தில் கஸ்டர்ட் ஆப்பிள், இன்னோரிடத்தில் சுகர் ஆப்பிள். நாவலை ஒருத்தர் பிளாக்பெரி என்கிறார்.

பேர் தெரியாத பழத்தை யாரும் வாங்குவதில்லை, சும்மா ருசி பார்க்கக் கொடுத்தாலும் கையை நீட்ட யோசிக்கிறார்கள். பேரைச் சொன்னால் போதும், உடனே போனில் பார்த்துவிட்டு அரைக் கிலோ கேட்கிறார்கள். பலகை எழுதப் பெயிண்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தப்பில்லாமல் எழுத வேண்டும், கேட்டால் வாயால் சொல்லவும் தெரிய வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

ஒன்றியப்பள்ளி டீச்சர் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. கடையில் விற்கிற சார்ட் எதையும் வாங்காதீர்கள். நான் கிருஷ்ணகிரி பக்கம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்கள் வகுப்புச் சுவரிலும் ஒரு பழ சார்ட் தொங்குகிறது. அதில் ஏப்ரிகாட், கிவி, செர்ரி, ராஸ்பெரி எல்லாம் இருக்கிறது. ஊரைச் சுற்றி மாந்தோப்பு. பிள்ளைகள் டவுசர் பையில் கொடுக்காப்புளி வைத்துக்கொண்டு வருகிறார்கள். சார்ட்டில் கொடுக்காப்புளி கிடையாது, இலந்தை கிடையாது, நுங்கு கிடையாது. பார்த்தே இராத பழத்தின் பேரை ஒரு குழந்தை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த வாரம் மறந்துவிடும், ஏனென்றால் அந்தப் பேர் போய் ஒட்டிக்கொள்ள மனதில் எதுவும் இல்லை.

அதனால் நான் செய்வது இதுதான். வீட்டில், தோப்பில் என்ன கிடைக்கிறதோ அதை ஆளுக்கு ஒன்று கொண்டு வரச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்க வேண்டும். மோந்து பார்த்துத் தமிழில் பேர் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் நான் இங்கிலீஷ் பேர் சொல்வேன். ஒரு பையன் கொடுக்காப்புளியை நீட்டி இதற்கு இங்கிலீஷ் இருக்கா டீச்சர் என்று கேட்டான். இருக்கிறது, மணிலா டாமரிண்ட். இந்தியாவில் பழைய இங்கிலீஷ் புத்தகங்களில் மெட்ராஸ் தார்ன் என்றும் எழுதியிருப்பார்கள். மரத்தின் பூர்வீகம் மெக்சிகோ பக்கம், பேர் மட்டும் மணிலாவிலும் மெட்ராஸிலும் ஒட்டிக்கொண்டது. இதை ஒருமுறை சொன்னேன், அவ்வளவுதான், வகுப்பில் யாருக்கும் அந்தப் பேர் மறக்கவில்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். தட்டில் இருக்கிற பழத்திலிருந்து ஆரம்பியுங்கள். இன்று காலை என்ன இறங்கியதோ அதன் பேரை இன்று கற்றுக்கொள்ளுங்கள், அதை வாங்க வருகிற ஆளிடமே சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். இங்கிலீஷ் பழப் பேர்களில் ஆப்பிள் என்று நிறைய வரும். கஸ்டர்ட் ஆப்பிள், பைன் ஆப்பிள், ரோஸ் ஆப்பிள், உட் ஆப்பிள், ஐஸ் ஆப்பிள், கேஷு ஆப்பிள். இவற்றில் எதுவும் ஆப்பிளுக்குச் சொந்தம் இல்லை. பழைய இங்கிலீஷில் பழம் எதுவானாலும் ஆப்பிள் என்று சொல்லும் வழக்கம் இருந்தது, அதில் மிஞ்சியவை இவை. பைன் ஆப்பிள் என்று முதலில் சொன்னது பைன் மரத்துக் காயைத்தான், அன்னாசி அதே சாயலில் இருந்ததால் பேர் இதற்கு வந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டால் விளாம்பழம் உட் ஆப்பிள், நுங்கு ஐஸ் ஆப்பிள், பண்ருட்டிப் பக்கத்து முந்திரிப்பழம் கேஷு ஆப்பிள் என்று வரிசையாக வந்துவிடும்.

கல்லாறு வேர் எழுதியது:

அண்ணே, நான் தோட்டக்கலை படித்தவன், கல்லாறு, பர்லியார் அரசுப் பண்ணைகளில் பயிற்சி எடுத்திருக்கிறேன். உங்கள் பட்டியலுக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

முட்டைப்பழம் எக் ஃப்ரூட். அவித்த முட்டை மஞ்சள் கரு மாதிரி மாவாக இருப்பதால் வந்த பேர். வெளிநாட்டுக்காரர் கேட்டால் கனிஸ்டெல் என்றும் சொல்லுங்கள். எக் பிளான்ட் என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள், அது கத்தரிக்காய். தாட்பூட் பேஷன் ஃப்ரூட். மரத்தக்காளி ட்ரீ டொமேட்டோ, ஆனால் வெளிநாட்டுக் கடைகளில் டாமரில்லோ. அந்தப் பேர் நியூசிலாந்தில் விற்பனைக்காகவே 1967-ல் வைத்தது. தக்காளி என்று சொன்னால் சமையல் காய் என்று நினைத்துவிடுகிறார்கள் என்பதற்காகப் புதுப் பேர் உண்டாக்கினார்கள். கிவியும் இதே கதைதான், அதற்கு முன்னால் சைனீஸ் கூஸ்பெரி, 1959-ல் ஏற்றுமதிக்காகக் கிவிஃப்ரூட் ஆக்கினார்கள். எனவே ஒரே பழத்துக்கு ரெண்டு மூன்று பேர் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இங்கிலீஷ்காரர்களும் வியாபாரத்துக்காகப் பேரை மாற்றியவர்கள்தான்.

பன்னீர் கொய்யா ரோஸ் ஆப்பிள், கடித்தால் பன்னீர் வாசம் வருகிறதே, அதேதான். வெள்ளையாக, மணி போலத் தொங்குகிற, தண்ணீர்ச் சத்து அதிகமான இன்னொரு வகையை வாட்டர் ஆப்பிள் அல்லது வாக்ஸ் ஆப்பிள் என்பார்கள். உங்கள் தட்டில் எது இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். தவிட்டுப்பழம், அதாவது தவிட்டுக்கொய்யா, ரோஸ் மிர்ட்டில் அல்லது ஹில் கூஸ்பெரி. பம்பளிமாஸ் பொமேலோ. பம்பளிமாஸ் என்பதே டச்சுக்காரர்கள் பேச்சிலிருந்து நமக்கு வந்தது.

நாவல் பிளாக்பெரி கிடையாது. பிளாக்பெரி முள்ளுச்செடியில், குட்டிக் குட்டி மணிகள் சேர்ந்த மாதிரிக் காய்ப்பது. நாவலுக்கு வடநாட்டுக்காரரிடம் ஜாமுன் என்றால் உடனே புரியும், இந்தியாவில் இங்கிலீஷ் பேசுகிற எல்லாருக்கும் அதுதான் பேர். வெளிநாட்டுக்காரருக்கு ஜாவா பிளம்.

சீத்தா விஷயத்தில்தான் நான் கொஞ்சம் பிடிவாதம். நம் ஊர்ச் சீத்தா, கண் கண்ணாக இருப்பது, சரியான பேர் சுகர் ஆப்பிள். கஸ்டர்ட் ஆப்பிள் என்பது ராம் சீதாவுக்கு உரியது, மேல் தோல் வழவழப்பாக, சிவந்த நிறத்தில் இருக்குமே அது. முள் சீத்தா சவர்சாப். இந்த மூன்றையும் சரியாகப் பிரித்து எழுதுங்கள், கூடவே கீழே சின்ன எழுத்தில் தாவரவியல் பேரையும் போட்டால் யாருக்கும் குழப்பம் வராது.

ஒன்றியப்பள்ளி டீச்சர் எழுதியது:

கல்லாறு தம்பி, பட்டியல் பிரமாதம். ஆனால் சீத்தாவில் உங்கள் யோசனையை ஏற்க மாட்டேன். பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் வருகிறவர் காலங்காலமாகக் கஸ்டர்ட் ஆப்பிள் என்றுதான் சொல்கிறார். ஐஸ்கிரீம் டப்பாவிலும் அதுதான் அச்சாகிறது. சுகர் ஆப்பிள் என்று எழுதினால் அவர் ஏதோ புதுப் பழம் என்று நினைப்பார், இல்லையென்றால் சர்க்கரை வியாதிக்காரர் பேரைப் பார்த்தே நகர்ந்து போய்விடுவார். பேர் என்பது எதிரில் நிற்கிற ஆளுக்குப் புரிய வேண்டும். கடையின் எல்லையில் அதுதான் சரியான பேர். தாவரவியல் பேர் பண்ணையில் இருக்கட்டும்.

கல்லாறு வேர் எழுதியது:

புரிகிறது டீச்சர். ஆனால் தப்பு என்று தெரிந்தும் எழுதுவதா? எலுமிச்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாமெல்லாம் லெமன் என்கிறோம். நம் ஊர் எலுமிச்சை, சின்னதாக உருண்டையாக மெல்லிய தோலோடு இருப்பது, இங்கிலீஷில் லைம். லெமன் என்பது பெரிதாக, முட்டை வடிவத்தில், முனை துருத்திக்கொண்டு, தடித்த மஞ்சள் தோலோடு இருப்பது. லண்டனில் லெமன் என்று கேட்டு வாங்கி ஊறுகாய் போட்டால் நம் ஊர் ஊறுகாய் வராது. சாத்துக்குடியை ஸ்வீட் லைம் என்கிறோம், அது லைம் வகையே இல்லை, தித்திப்பு ஆரஞ்சு வகை. நெல்லிக்காயைக் கூஸ்பெரி என்கிறோம், ஐரோப்பாவில் கூஸ்பெரி என்பது வேறு செடி, வேறு குடும்பம். இந்தியன் கூஸ்பெரி அல்லது ஆம்லா என்றால்தான் சரி. இதையெல்லாம் இப்போதே திருத்தாவிட்டால் எப்போது திருத்துவது?

ரெண்டு பிள்ளைகளின் அம்மா எழுதியது:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். டீச்சர் சார்ட்டைப் பற்றிச் சொன்னது அப்படியே எங்கள் வீட்டுக் கதை. என் சின்னவள் யூகேஜி. ஸ்ட்ராபெரிக்கு ஸ்பெல்லிங் சொல்கிறாள், தினமும் சாப்பிடுகிற கொய்யாவை கோவா என்கிறாள், கோவாப் பழம் என்கிறாள். குவாவா என்று சொல்லிக் கொடுக்கிறேன். பெரியவள் ஒரு பிளம்ஸ் கொடு, ஒரு கிரேப்ஸ் கொடு என்கிறாள். இதை எப்படித் திருத்துவது என்று யாராவது சொல்லுங்கள், எனக்கும் பாதி இப்படித்தான் பழகியிருக்கிறது.

ஒன்றியப்பள்ளி டீச்சர் எழுதியது:

கடைசியில் வருகிற ஸ்-ஐச் சொல்லிக் கொடுத்தால் போதும் அம்மா. ஒன்று என்றால் பிளம், நிறைய என்றால் பிளம்ஸ். ஒரு கிரேப், ஒரு கொத்து கிரேப்ஸ். கடையில் நாம் எப்போதும் நிறைய வாங்குவதால் ஸ் போட்ட பேர்தான் காதில் விழுகிறது, அதுவே பழத்தின் பேர் என்று பதிந்துவிடுகிறது. பேரிக்காயும் இப்படித்தான், பியர்ஸ் என்று கேட்பவர்கள் உண்டு. அது பியர் இல்லை, பேர். கரடிக்குச் சொல்கிற இங்கிலீஷ் வார்த்தையோடு எதுகையாக வரும். ஒரு பேர், ரெண்டு பேர்ஸ். சாப்பாட்டு மேசையில் திராட்சையைக் கொத்தோடு வைத்து ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டே சொல்லுங்கள், இலக்கணம் என்ற வார்த்தையே எடுக்காமல் வந்துவிடும்.

இன்னும் ரெண்டு உச்சரிப்பு. ராஸ்பெரியில் எஸ்-க்கு அடுத்து ஒரு பி, பப்பாயாவில் வருகிற அந்த பி, எழுத வேண்டும், வாயில் வராது. மாதுளைக்கு பாம்-கிரானைட் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பா-மி-க்ரா-னிட் என்று நாலாகப் பிரித்துச் சொல்லப் பழகுங்கள், எழுதும்போதும் அந்த நடு ஈ விட்டுப் போகாது.

ஸ்காபரோ சிவா எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப டொரன்டோவில் ஸ்காபரோ. இந்த இழையை வாசிக்க எனக்கு நிறையச் சொல்ல வேண்டும் போல இருக்கு. நாங்கள் பழங்களுக்குச் சொல்கிற தமிழே உங்களுக்குப் புதிதாக இருக்கும். ஆரஞ்சு எங்களுக்குத் தோடம்பழம், எலுமிச்சை தேசிக்காய், பப்பாளி பப்பாசி, தர்பூசணி வத்தகப்பழம், சீத்தா அன்னமுன்னா. திராட்சையை முந்திரிகைப்பழம் என்போம், உங்கள் முந்திரியைக் கஜு அல்லது மரமுந்திரிகை என்போம். காய்ந்த திராட்சைக்கு எங்கள் வீடுகளில் பிளம்ஸ் என்றே பேர், கேக்குக்குப் பிளம்ஸ் வாங்கி வா என்றால் அதுதான். இங்கே வந்த புதிதில் எங்கள் சனம் கடையில் பிளம்ஸ் கேட்டால் முழுப் பழம் கொண்டு வந்து தருவான், ரெய்சின்ஸ் என்று கேட்க வேணும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. என் மாமாவுக்குக் கொழுப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். போத்தலில் கிரேப்ஃப்ரூட் சாப்பிடக் கூடாது என்று ஒட்டியிருந்தது. மனுசன் கிரேப் என்றால் முந்திரிகைதானே, ஃப்ரூட் என்றால் பழம்தானே என்று முந்திரிகைப்பழத்தை நிப்பாட்டிவிட்டு, தினமும் காலையில் பெரிய தோடம்பழம் மாதிரி ஒன்றை ரெண்டாக வெட்டிச் சீனி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுதான் கிரேப்ஃப்ரூட்! அது பம்பளிமாசும் தோடம்பழமும் கலந்து உண்டான சாதி, மரத்தில் குலையாகக் காய்ப்பதால் அந்தப் பேர் என்கிறார்கள், திராட்சையோடு ஒரு சம்பந்தமும் இல்லை. சில கொழுப்பு மாத்திரைகளும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் உடம்பில் உடைந்து கழிவதை அது தடுக்கும், மருந்து இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறிவிடும். பம்பளிமாசுக்கும் அந்தக் குணம் உண்டு என்று ஃபார்மசியில் சொன்னார்கள். மகள்தான் தற்செயலாகப் பார்த்துக் கேட்டு நிறுத்தினாள்.

அதனால் அண்ணை, நீங்கள் பம்பளிமாஸ் விற்கும்போது பொமேலோ என்று தெளிவாக எழுதுங்கள். பேர் ஒழுங்காகத் தெரிந்தால் மாத்திரை போடுகிற ஆள் தானே விசாரித்துக்கொள்வார்.

டீச்சருக்கும் கல்லாறு தம்பிக்கும் நடக்கிற வாதத்தில் என் பக்கம் இது. ஊருக்கு ஊர் பேர் மாறும், அதுதான் உண்மை. ஆஸ்திரேலியாவில் இருக்கிற என் தங்கை பப்பாளியைப் போபோ என்கிறாள், இங்கே பப்பாயா. இங்கே வட அமெரிக்காவிலேயே போபோ என்று வேறொரு காட்டுப் பழம் இருக்கு. ஆஸ்திரேலியாவில் கஸ்டர்ட் ஆப்பிள் என்று விற்பது உங்கள் சீத்தாவும் இல்லை, ராம் சீதாவும் இல்லை, ஒரு கலப்பு இனம். எனவே ஒரே ஒரு சரியான பேர் என்று தேடினால் கிடைக்காது.

மலையடிவாரக் கடை எழுதியது:

அப்பாடா, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. சிவா அண்ணன் சொன்னது ரொம்பப் பெரிய விஷயம், என் கடைக்கு வயசானவர்கள்தான் பம்பளிமாஸ் அதிகம் வாங்குகிறார்கள்.

பேர் விஷயம் ஓரளவு தெளிவாகிவிட்டது. இனி அடுத்த கஷ்டம். பேரைச் சொல்லிவிடுகிறேன், அடுத்த கேள்விக்குத் திணறுகிறேன். பழுத்திருக்கிறதா, இன்றைக்கே சாப்பிடலாமா, மருந்து போட்டதா, கொட்டை இருக்குமா, தோலோடு சாப்பிடலாமா, புளிக்குமா. இதெல்லாம் எப்படி? முக்கியமாகக் காய், செங்காய், பழம் என்று நமக்கு இருக்கிற மாதிரி அவர்களுக்கு இருக்கிறதா? மாங்காயை ரா மேங்கோ என்று எழுதியிருந்தேன், ஒரு வெளிநாட்டு அம்மா இதை வேக வைக்க வேண்டுமா என்று கேட்டார்.

கோயம்பேடு குலை எழுதியது:

தலைவரே, நான் சென்னையில் மொத்த வியாபாரத்தில் வாழைத்தார் பார்க்கிறவன், ஏற்றுமதி ஆட்களோடும் பேசிப் பழக்கம். நீங்கள் கேட்டதெல்லாம் எங்களுக்குத் தினசரிப் பேச்சு.

ரா என்றால் வெளிநாட்டுக்காரர் காதில் சமைக்காதது என்று விழும். அதனால்தான் அந்த அம்மா அப்படிக் கேட்டார். நம் நாட்டுக்காரருக்கு ரா மேங்கோ சரி. மற்றவர்களுக்குக் கிரீன் மேங்கோ. கிரீன் என்பது நிறத்தை மட்டும் சொல்வதில்லை, பழுக்காதது என்றும் அர்த்தம். காய்க்குத் தனி வார்த்தை அவர்களிடம் கிடையாது, பழுத்தது ரைப், பழுக்காதது அன்ரைப், செங்காய் ஹாஃப் ரைப், ரொம்பக் கனிந்து குழைந்தது ஓவர் ரைப். பிஞ்சுக்கு டெண்டர். நாம் பூ, பிஞ்சு, காய், பழம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் பேர் வைத்திருக்கிறோம், அவர்கள் பழத்தின் பேரை ஒன்றாக வைத்துக்கொண்டு முன்னால் ஒரு வார்த்தை சேர்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. இன்றைக்குச் சாப்பிட என்றால் ரைப் ஃபார் டுடே, ரெண்டு நாள் வைக்கலாம் என்றால் வெயிட் டூ டேஸ். இலக்கணம் பார்க்காதீர்கள், பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் யாருக்கும் புரியும். அடிபட்ட பழம் ப்ரூய்ஸ்டு. அழுகல் ராட்டன், அந்த வார்த்தையை உங்கள் பழத்துக்கு நீங்களே சொல்ல வேண்டி வராமல் இருக்கட்டும்.

கொட்டைக்கு ஒரே வார்த்தை இல்லை. மாம்பழம், பிளம், பீச் மாதிரி ஒற்றைக் கொட்டைக்கு ஸ்டோன், அமெரிக்காக்காரர் பிட் என்பார். ஆரஞ்சு, சீத்தா, கொய்யாவில் இருப்பது சீட்ஸ். கொட்டையில்லாத திராட்சை சீட்லெஸ். கம்பம் பன்னீர் திராட்சையை விற்கும்போது வித் சீட்ஸ் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கடித்துவிட்டு முகம் சுளிப்பார்கள். ஆரஞ்சுச் சுளை செக்மென்ட், பலாச்சுளையை நம் நாட்டில் பல்ப் என்பார்கள், வெளிநாட்டில் பாட்.

வாழையில் ஒரு அழகு இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாருக்கு பஞ்ச், சீப்புக்கு ஹேண்ட், ஒரு பழத்துக்கு ஃபிங்கர். கையும் விரலும்! தொழிலில் இருக்கிறவர்கள் இப்படித்தான் பேசுவோம். ஆனால் உங்கள் கடைக்கு வருகிறவர் சீப்பையே பஞ்ச் என்பார், தார் முழுவதையும் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பூவன், ரஸ்தாளி, செவ்வாழை, கற்பூரவள்ளி இதற்கெல்லாம் இங்கிலீஷ் தேடாதீர்கள். செவ்வாழைக்கு மட்டும் ரெட் பனானா. சிறுமலைப் பழமும் விருப்பாச்சியும் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது, அந்தப் பேரிலேயே எழுதி ஹில் பனானா என்று பக்கத்தில் போடுங்கள். பிளான்டைன் என்று பழத்துக்கு எழுத வேண்டாம். பழைய காலத்து இந்திய இங்கிலீஷில் வாழைப்பழம் எல்லாமே பிளான்டைன்தான், இப்போது அந்தப் பேரைக் கேட்டால் சமைக்கிற வாழைக்காய் என்றுதான் நினைப்பார்கள்.

மருந்து விஷயம். கல் வைத்துப் பழுக்க வைப்பது, அதாவது கார்பைட், நம் நாட்டில் தடை. எத்திலீன் வாயு வைத்துப் பழுக்க வைக்க அனுமதி உண்டு, 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு. மரத்திலேயே பழுத்தது ட்ரீ ரைப்பன்டு. வைக்கோலில் போட்டது என்றால் ரைப்பன்டு இன் ஸ்ட்ரா என்று சொல்லுங்கள், நேச்சுரல் என்ற வார்த்தையை எல்லாத்துக்கும் போடாதீர்கள், கேட்கிறவர் நம்பி வாங்குகிறார்.

கல்லாறு வேர் எழுதியது:

கோயம்பேடு அண்ணன் சொன்னது அருமை. புளிப்புக்கு சவர், லேசான புளிப்பு ருசியாக இருந்தால் டார்ட். துவர்ப்புக்குத்தான் கஷ்டம், அஸ்ட்ரிஞ்சென்ட் என்ற வார்த்தை இருக்கிறது, ஆனால் இங்கிலீஷ் பேசுகிற சாதாரண ஆள் சாப்பாட்டுக்கு அதைப் பயன்படுத்துவது அபூர்வம். நாவல், நெல்லி கொடுக்கும்போது வாய் கொஞ்சம் உலர்ந்த மாதிரி இருக்கும் என்று சொல்ல, மேக்ஸ் யுவர் மவுத் டிரை. நாவல் என்றால் டங் வில் பி பர்ப்பிள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், குழந்தைகள் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்கும்.

ரம்புட்டானும் துரியனும் மலாய்ப் பேர்கள். ரம்புட் என்றால் முடி, துரி என்றால் முள். அப்படியே எழுதினால் போதும், உலகம் முழுக்க அதுதான். சப்போட்டாவுக்கு மட்டும் வடநாட்டுக்காரரிடம் சிக்கூ, வெளிநாட்டுக்காரரிடம் சப்போடில்லா. பட்டர் ஃப்ரூட் என்று நீங்கள் எழுதியிருந்தால் பக்கத்தில் அவகாடோ என்றும் எழுதிவிடுங்கள், ரெண்டு பேரும் ஒரே பழத்தைத் தேடி உங்கள் கடையிலேயே நிற்பார்கள்.

டீச்சருக்கு ஒரு வார்த்தை. சிவா அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு யோசித்தேன். கடையில் கஸ்டர்ட் ஆப்பிள் முதலில் வரட்டும், சுகர் ஆப்பிள் அடுத்த வரியில் வரட்டும். லெமன், லைம் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். சமையலில் அது வேறு, இது வேறு.

ஒன்றியப்பள்ளி டீச்சர் எழுதியது:

சரி தம்பி, லைமில் நான் உங்கள் பக்கம். இன்றைக்கே வகுப்பில் எலுமிச்சையைக் காட்டி லைம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். புத்தகத்தில் லெமன் என்று இருக்கிறதே என்று ஒரு பெண் கேட்டாள். புத்தகப் படத்தையும் கையிலிருந்த பழத்தையும் பக்கத்தில் வைத்து முனையைப் பார், தோலைப் பார் என்றேன். படத்தில் இருப்பது வேறு பழம் டீச்சர் என்று அவளே சொன்னாள்.

கடைக்காரத் தம்பிக்கு: பலகையில் பழத்துக்கு மூன்று வரி. மேலே பெரிய எழுத்தில் தமிழ். அடுத்து இந்தியாவில் புழங்குகிற இங்கிலீஷ் பேர். கீழே வெளிநாட்டில் சொல்கிற பேர், வேறாக இருந்தால் மட்டும். தமிழை விட்டுவிடாதீர்கள். மேங்கோ என்று அவர்கள் சொல்வதே மாங்காய் என்ற சொல் மலையாளம், போர்ச்சுகீசு வழியாகப் போனதுதான். ஜாக் ஃப்ரூட்டில் இருக்கிற ஜாக் மலையாளத்துச் சக்கை. தாட்பூட், தவிட்டுப்பழம் என்று பேரைத் தமிழில் சொல்லி ருசி பார்க்கக் கொடுங்கள், வருகிறவர்களும் நம் பேரைக் கற்றுக்கொண்டு போகட்டும்.

மலையடிவாரக் கடை எழுதியது:

மூன்று வரி யோசனையையே எடுத்துக்கொள்கிறேன். சுவரில் பெரிய பலகை வேண்டாம், ஒவ்வொரு தட்டுக்கும் தனி அட்டை என்று முடிவு செய்துவிட்டேன், சீசன் மாறினால் அட்டையை எடுத்து வைத்துவிடலாம். நேற்று நாவல் அட்டையை மட்டும் கையால் எழுதி வைத்தேன். நாவல், ஜாமுன், ஜாவா பிளம். ஜாமுன் என்று படித்ததும் ஒரு குஜராத்திக் குடும்பம் வண்டியைப் பின்னால் எடுத்து வந்து வாங்கினார்கள்.

பெயிண்டர் ஒரு அட்டை எழுதிக் காட்டினார், மங்குஸ்தான். அதில் மேங்கோ என்று எழுதி அப்புறம் ஸ்டீன் சேர்த்திருக்கிறார். இது சரியா? மாம்பழ வகையா இது? மற்றதை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று.

கல்லாறு வேர் எழுதியது:

நல்ல வேளை கேட்டீர்கள். மாம்பழத்துக்கும் இதற்கும் உறவே கிடையாது, இது குடம்புளி இனத்தைச் சேர்ந்தது, பேரும் மலாய்ப் பேர். எழுதும்போது எம் ஏ என் ஜி ஓ வரைக்கும் மாம்பழம் மாதிரியே வரும், அதற்கப்புறம் எஸ் டி, ரெண்டு ஈ, கடைசியில் என். நடுவில் இடைவெளி விடக் கூடாது, ஒரே சொல். ரம்புட்டானுக்கு ஒரே டி போதும். தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகாது என்பதால் மங்குஸ்தான் அட்டையின் பின்பக்கம் ஸ்டெயின்ஸ் க்ளோத்ஸ் என்றும் எழுதி வையுங்கள், வாங்கிக் கொடுக்கும்போது திருப்பிக் காட்டலாம். மீதி அட்டைகளையும் படம் எடுத்துப் போடுங்கள், அச்சுக்குப் போவதற்குள் பார்த்துச் சொல்கிறேன்.